டிரம்மிலேயே எழுதியிருந்தது

சாயப்பட்டறைக்குள் இறங்கும் ஒவ்வொரு கெமிக்கல் டிரம்முடனும் ஒரு தாள் வரும். பொருளின் பெயர், நிறம், பிஎச் அளவு, லிட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. இவற்றுக்கு நடுவே ஒரு வரி தவறாமல் இருக்கும்: அயனித் தன்மை. ஆனயானிக், கேட்டயானிக், நான்-அயானிக், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. டையிங் மாஸ்டரின் கண் முதலில் அந்த வரிக்குத்தான் போகும். எதிர்மின்னேற்றம் உள்ள சாயம் மிச்சமிருக்கும் பாத்தில் நேர்மின்னேற்றம் உள்ள சாஃப்ட்னரை ஊற்றிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துத் திரிந்து துணியெங்கும் புள்ளி புள்ளியாய் அப்பிக்கொள்ளும். அந்த லாட் அதோடு போயிற்று. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மெஷின் ஓட்ட வந்த பையனுக்குக்கூட வந்த சில நாளில் இது பழகிவிடும். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதில்தான் அவன் வேலையே நிற்கிறது.

அந்த ஒரு வரியை நாங்கள் பட்டறை வாசலுக்கு வெளியே கொண்டுபோகவே இல்லை.

நாங்கள் என்று யாரைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். முதலாளிகளை ஊர் திட்டித் தீர்த்தாயிற்று, நீதிமன்றமும் கண்டித்தாயிற்று. நான் சொல்வது டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மாஸ்டராகவும், லேப் இன்சார்ஜாகவும், சாயக் கம்பெனியின் விற்பனையாளராகவும், சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவராகவும், கல்லூரியில் இதையே பாடம் நடத்தியவராகவும் திருப்பூரைச் சுற்றிப் பிழைத்த எங்கள் கூட்டத்தை. நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு கெடுத்த விவகாரத்தில் எங்கள் பெயர் எந்த மனுவிலும் வரவில்லை. பணம் போட்டவர்களும் இல்லை, பயிரை இழந்தவர்களும் இல்லை என்று நடுவில் ஒதுங்கிக்கொண்டோம். ஆனால் கழிவுநீரில் போவது மண்ணுக்குள் என்ன செய்யும் என்பதைச் சொல்லக்கூடிய படிப்பு அந்த ஊரில் எங்களிடம்தான் இருந்தது.

எங்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதைப் பீக்கரிலிருந்தே ஆரம்பிக்கலாம். பருத்தியைத் தண்ணீரில் போட்டதும் அதன் மேற்பரப்பு லேசான எதிர்மின்னேற்றம் பெற்றுவிடும். ரியாக்டிவ் சாயத்திலும் சல்போனேட் தொகுதிகள் இருக்கின்றன, அவையும் எதிர்மின்தான். திருப்பூரில் மூட்டை மூட்டையாய் ஓடிய ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்தில், விற்பனைக்கு வரும் வடிவில், ஒரு மூலக்கூறுக்கு நான்கு எதிர்மின் முனைகள். சாயமும் துணியும் ஒன்றையொன்று தள்ளும். லேபில் வெள்ளை நிட் துணியைச் சாயத்தண்ணீரில் போட்டுக் கிளறினால் தெரியும். துணி வெளிறிய சாம்பலாக மிதக்கும், தண்ணீர் மை போலக் கறுத்தே கிடக்கும். அப்போது கிளாபர் சால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடியம் அயனிகள் துணியின் எதிர்மின்னேற்றத்தைச் சூழ்ந்து மறைக்கின்றன. முதல் பங்கு உப்பில் துணி கருநீலமாகும், இரண்டாம் பங்கில் தண்ணீர் தெளிய ஆரம்பிக்கும், மூன்றாவதில் சாயம் பெரும்பாலும் துணிக்குள் ஏறிவிடும். பிறகு சோடா ஆஷ். காரம் ஏறியதும் சாயம் பருத்தியோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்கிறது.

எல்லாச் சாயமும் பிணைவதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடேயே வினைபுரிந்து வீணாகிவிடும். நிறம் அப்படியே இருக்கும், துணியைப் பிடிக்கும் திறன் மட்டும் போய்விடும். சோப்பிங், சூடு வாஷ், குளிர் வாஷ் என்று மாற்றி மாற்றி அலசி வெளியேற்றுவது இந்த வீண் சாயத்தைத்தான். ஒரு டன் துணிக்கு இருண்ட கறுப்பு ஷேடு என்றால் ஏறத்தாழ 50 கிலோ சாயம் போகும். அதில் முக்கால் பங்கு பிடித்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 12 கிலோவுக்கு மேல் சாக்கடைக்கு. கூடவே 600 முதல் 800 கிலோ உப்பு. உப்பு துணியில் ஒரு கிராம்கூடத் தங்காது, போட்டது அத்தனையும் வெளியேதான் வரும்.

இதுவரை சொன்னது எல்லா மாஸ்டருக்கும் மனப்பாடம். இனிச் சொல்வதும் எங்கள் பாடப் புத்தகத்துக்குள் இருந்ததுதான், பக்கம் மட்டும் வேறு. களிமண் துகளும் பருத்தியைப் போலவே எதிர்மின்னேற்றம் கொண்டது. பருத்தியைவிட உறுதியாகவே சொல்லலாம். கரிசலில் இருக்கும் ஸ்மெக்டைட் களிமத்தின் படிகத்துக்குள்ளேயே, அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் மெக்னீசியம் உட்கார்ந்து, நிரந்தரமாக எதிர்மின் மிஞ்சி நிற்கிறது. அதனால்தான் அது நேர்மின்னேற்றம் உள்ளதையெல்லாம் இழுத்துப் பிடிக்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை விழுங்கியவருக்கு முதலுதவியாகக் களிமண்ணைக் கரைத்துக் கொடுத்த காலம் உண்டு. பாராகுவாட்டுக்கு இரண்டு நேர்மின் முனைகள், களிமண்ணைக் கண்டால் விடாது. அதே வயலில் அடிக்கும் 2,4-டி மண்ணுக்குள் எதிர்மின் அயனியாகிறது, மழை பெய்தால் கீழே இறங்கிவிடும். தெளிப்பவர் ஒருவர், டேங்க் ஒன்று, மண்ணும் ஒன்று. மின்னேற்றம் மட்டும்தான் வேறு.

இரண்டு புனலில் கரிசல் மண்ணைச் சமமாக நிரப்பி, ஒன்றில் நேர்மின்னேற்றம் உள்ள மெத்திலீன் புளூவும் இன்னொன்றில் சிவப்பு ரியாக்டிவ் சாயமும் ஊற்றிப் பார்த்தால் போதும். நீலம் மேல் விரற்கடையிலேயே நின்றுவிடும், கீழே தெளிந்த தண்ணீர் சொட்டும். சிவப்பு பெருமளவும் சிவப்பாகவே இறங்கி வரும். மண்ணில் எவ்வளவு களிமம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க சிவில் பிரிவு மாணவர்கள் மெத்திலீன் புளூவைத்தான் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். கெமிஸ்ட்ரி லேபிலிருந்து அந்த லேபுக்கு நடந்துபோகும் தூரம்தான். எங்களில் யாருக்கும் அங்கே போய் ஒரு சிட்டிகை ரியாக்டிவ் ரெட்டைக் கொடுத்து இதையும் விட்டுப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை.

"மண்ணு வடிகட்டிரும்" என்பதுதான் எங்கள் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சுக்கு ஓர் இடத்தில் நியாயம் இருந்திருக்கலாம், அதையும் நாங்களே கெடுத்தோம். நொய்யல் படுகையில் கரிசலைவிடச் செம்மண் நிறைய. செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. களிமத்தைப் போல அதன் மின்னேற்றம் நிலையானது அல்ல, சுற்றியுள்ள தண்ணீரின் பிஎச் அளவுக்கேற்ப மாறும். அமிலப் பக்கம் இருந்தால் நேர்மின், அப்போது எதிர்மின் சாயத்தைப் பிடித்து வைக்கும். பிஎச் ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏற ஏற அந்தப் பிடி தளர்ந்து, கடைசியில் அதுவும் எதிர்மின்னாகிவிடும். எங்கள் கழிவுநீரோ சோடா ஆஷ் கலந்து பிஎச் பத்து, பதினொன்று என்று போனது. சாயத்தைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஒரே காவலாளியின் கையைக் கட்டிப் போட்டுவிட்டு, அதே தண்ணீரில் சாயத்தையும் அனுப்பினோம். கொங்கு மண்ணுக்கு அடியில் சுக்கான்கல், அதற்கும் கீழே விரிசல் விட்ட பாறை. கிணற்றுக்கு ஊற்று வருவது அந்த விரிசல் வழியாக. அங்கே பிடித்து வைக்கக் களிமண்ணும் அதிகமில்லை.

உப்பைப் பற்றி ஒன்று. அது நாக்குக்குத் தெரியும், பயிர் கருகினால் கண்ணுக்கும் தெரியும், கையடக்க மீட்டரை முக்கினால் எண்ணாகவும் வரும். அதனால் நொய்யல் பிரச்சினை முழுவதும், கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவைக் குறிக்கும் டிடிஎஸ் என்ற மூன்றெழுத்துக்குள் அடங்கிவிட்டது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேலா கீழா என்றே இருபது ஆண்டு வாதாடினோம். உப்புத் தண்ணீரோடு போன கரிமப் பொருள்களுக்கு அந்த மீட்டரில் இடமே கிடையாது. டிடிஎஸ் குறைந்தால் எல்லாம் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. பீக்கரில் நடந்ததை மறுபடி நினைத்துப் பார்த்தால் போதும். உப்பு அதிகமிருக்கும்போது தள்ளுவிசை குறைகிறது. சுக்கான்கல்லிலிருந்து கரையும் கால்சியம், களிமண்ணுக்கும் சல்போனேட்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் கோத்துப் பிடிக்கவும் செய்யும். ஆக உப்புக் காலத்தில் கொஞ்சம் சாயம் மண்ணில் தங்கியிருக்க வழி உண்டு. பிறகு நல்ல மழை பெய்து உப்பு கரைந்துபோனால் அந்தப் பிடி விடுகிறது. போதாததற்கு, சோடியம் ஏறிய களிமண் மழைத் தண்ணீர் பட்டதும் கலைந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களாய்த் தண்ணீரோடு நகரும். நேர்மின் சாஃப்ட்னரையும் ஃபிக்ஸிங் ஏஜென்ட்டையும் பிடித்து வைத்திருந்த துகள்கள் அவைதான். மீட்டரில் எண் இறங்குவதைப் பார்த்து நிம்மதியடைந்த வருடங்களில் கீழே எது கிளம்பிப் போனது என்று கேட்க எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இதற்குச் சாக்குச் சொல்ல வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. எங்களுக்குக் கற்பித்த சுற்றுச்சூழல் வேதியியல் டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளைப் பார்த்து எழுதப்பட்டது. ஆக்டனால் என்ற ஆல்கஹாலையும் தண்ணீரையும் ஒரு புட்டியில் குலுக்கி, பொருள் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று பார்ப்பார்கள். ஆக்டனால் பக்கம் போனால் மண்ணின் மக்கில் ஒட்டும், தண்ணீர்ப் பக்கம் நின்றால் ஒட்டாது. மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுக்கு இது சரியாக வரும். மின்னேற்றம் உள்ளதற்கு அந்த ஓர் எண் போதாது. களிமம் எது, பிஎச் என்ன, தண்ணீரில் வேறு என்னென்ன அயனிகள் என்று எல்லாவற்றையும் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் பதிவுக்கு வந்த வேதிப்பொருள்களிலிருந்து ஒரு மாதிரியை எடுத்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பாதி தண்ணீரில் மின்னேற்றம் பெறக்கூடியவை என்று தெரிந்தது. அப்படியானால் அந்தப் பழைய விதி பாதிப் பொருள்களுக்குத்தான் நேராகப் பொருந்தும். ஆனால் இந்தச் சாக்கு எங்களுக்கு எடுபடாது. மற்ற கெமிஸ்டுகளுக்கு வேண்டுமானால் அயனி என்பது பக்கத்துப் பாடமாக இருந்திருக்கலாம். எங்களுக்கு அதுதான் சோறு போட்டது.

காது கேளாதவர்கள் போல நாங்கள் இருந்த விஷயம் இன்னொன்று உண்டு, அது பிச்ரி. ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு அருகில் ஒரு கிராமம். 1980களின் கடைசியில் அங்கே ஓர் ஆலையில் எச் ஆசிட் தயாரித்தார்கள். மொத்தம் 375 டன் அளவுக்குத்தான். அதிலிருந்து வந்த கழிவுச்சேறு இரண்டாயிரம் டன்னுக்கும் மேல். கழிவு மண்ணுக்குள் இறங்கி, கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி, குடிக்கவும் பாய்ச்சவும் ஆகாமல் போயிற்று. மாசுபடுத்தியவரே அதற்கான செலவைத் தர வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதியாக நிலைநாட்டிய வழக்கு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். எச் ஆசிட் என்றால் நாப்தலீன் வளையத்தில் இரண்டு சல்போனேட் ஏறிய பொருள், தண்ணீரில் எதிர்மின் அயனி. ரியாக்டிவ் பிளாக் 5 மூலக்கூறின் நட்டநடு இதுதான். எங்கள் கறுப்பின் மூலப்பொருள் ஒரு கிராமத்தின் கிணறுகளுக்குள் எப்படிப் போனது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருந்தது. வக்கீல்கள் படித்தார்கள். சாயத்துக்காரர்களான நாங்கள் அந்த மாதம் எச் ஆசிட் விலை ஏறுமா என்று மட்டும் விசாரித்திருப்போம்.

பிச்ரி தீர்ப்பு வந்தபோது எங்கள் ஊரில் ஒரத்துப்பாளையம் அணைக்கு நான்கு வயது. சென்னிமலைக்கு அருகே நொய்யலுக்குக் குறுக்கே 1992இல் திறந்தார்கள், சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் என்று. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கோரிய அணை வேறெங்கும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 2004இல் சூழலிழப்பு ஆணையம் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. அவர்கள் யாரோ எவரோ அல்ல. பட்டறை வைத்தவர்களில் பலர் தோட்டம் துரவு வைத்திருந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பங்காளியின் கிணற்றுக்குத்தான் பங்காளியின் சாயம் போயிற்று.

அணையில் நிறம் வெளுத்ததை நாங்கள் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டதுதான் எனக்கு இன்றும் மிகவும் உறுத்துவது. மேலே கருஞ்சிவப்பாய் வந்த தண்ணீர், தேங்கிக் கிடந்த பிறகு மங்கிப்போகும். இயற்கையே சுத்தம் செய்துகொள்கிறது என்றோம். ஷேடு தப்பிவிட்டால் பட்டறையில் என்ன செய்வோம்? ஹைட்ரோஸ் போட்டு உரிப்போம். நிறத்துக்குக் காரணமான அசோ பிணைப்பு அறுந்து நிறம் போய்விடும், ஆனால் மூலக்கூறின் துண்டுகள் அமைன்களாக அதே தண்ணீரில் நிற்கும். காற்றில்லாத சேற்றில் பாக்டீரியா செய்வதும் இதேதான். எங்கள் சாயத்திலிருந்து வரும் துண்டுகள் பெரும்பாலும் சல்போனேட்டைச் சுமந்தவை. நிறமில்லை, மின்னேற்றம் உண்டு, மண்ணில் எளிதில் ஒட்டாது, நுண்ணுயிரிகள் மெதுவாகத்தான் சிதைக்கும். பார்த்துப் பயப்படுவதற்கு இருந்த ஒரே அடையாளமும் போய், பொருள் மட்டும் மிஞ்சியது. சல்போனேட் இல்லாத அமைன்கள் வேறு மாதிரி. அவை மக்கோடு நிரந்தரமாகப் பிணைந்து பெரும்பாலும் மேலேயே தங்கும்.

அமைன் என்றால் என்ன என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புற்றுநோய் உண்டாக்கும் அமைன்களைத் தரக்கூடிய அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடை செய்தபோது திருப்பூரே அதிர்ந்தது. பிறகு 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமாக விதி வந்தது. 22 அமைன்கள், துணியில் ஒவ்வொன்றும் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. சில ஆண்டுகளில் ஊரெங்கும் டெஸ்டிங் லேப் முளைத்தது. டிஷர்ட்டை வெட்டி, அதே ஹைட்ரோஸ் இனத்துப் பொருளைப் போட்டு நிறத்தை உரித்து, வரும் அமைனை அளந்து, சான்றிதழ் ஒட்டி ஹாம்பர்க்குக்கு அனுப்பினோம். அந்த மெஷின்களில் ஒன்றில், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நொய்யல் கரைக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு புட்டி ஓட்டியிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 22 பட்டியலில் இல்லாத சல்போனேட் அமைன்களைத் தேடிப் பிடிக்க வேறு முறை வேண்டியிருந்திருக்கும். அதையும் கற்றுக்கொள்ள முடியாதவர்கள் அல்ல நாங்கள். பையர் கேட்டிருந்தால் மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டிருப்போம்.

விதிகளைக் குறை சொல்ல வேண்டாமா என்றால், சொல்லலாம். மத்திய அரசு 2016இல் ஜவுளிக் கழிவுநீருக்குத் திருத்தி வெளியிட்ட அட்டவணையில் பிஎச், பிஓடி, சிஓடி, நிறம், குரோமியம், சல்பைடு, ஃபீனால், டிடிஎஸ் எல்லாம் இருக்கின்றன. நிறத்துக்கு எண்ணே அப்போதுதான் வந்தது, 150 அலகு. அதற்கு முன் பொதுத் தரநிலையில் இருந்தது, நிறத்தையும் துர்நாற்றத்தையும் முடிந்தவரை நீக்க முயல வேண்டும் என்ற பொருளில் ஒரு வாசகம்தான். சாயத்தின் பெயரோ, அமைனோ, நேர்மின்னா எதிர்மின்னா என்ற கேள்வியோ எதிலும் இல்லை. ஆக்சிஜன் தேவையை அளக்கும் சிஓடி என்ற ஒரு தொகைக்குள் எல்லாம் போட்டு மூடப்பட்டிருக்கிறது. அட்டவணை போடும் குழுக்களிடமிருந்து கருத்துக் கேட்டுக் கடிதம் வந்தபோதெல்லாம், எங்கள் சங்கங்களும் கல்லூரிகளும் எழுதியது வரம்பைத் தளர்த்தச் சொல்லித்தான். ஒரு வரியைக் கூட்டச் சொல்லி அல்ல.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகுதான் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு, ஆர்ஓ, ஆவியாக்கி, உப்புநீரைத் திரும்பப் பட்டறைக்கே அனுப்பும் ஏற்பாடு எல்லாம் மெய்யாகவே வந்தன. அதில் எங்கள் கூட்டத்தின் உழைப்பு பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குழாய் அடைந்ததோடு கணக்கு முடிந்தது என்று இங்கேயும் ஒதுங்கிக்கொண்டோம். அதற்கு முன் முப்பது ஆண்டு வெளியே போனது எங்கே இருக்கிறது? எது தோட்டத்து மேல்மண்ணில் களிமண்ணோடு உட்கார்ந்திருக்கிறது, எது பாறை விரிசலில் இன்னும் காவிரிப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது, கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கும் சேற்று மூட்டைகளில் நேர்மின் பொருள்கள் எவ்வளவு? இந்தக் கேள்விகளை மண்ணியலாளர்கள் கேட்டால் அவர்களுக்கு முதலில் வேண்டியது, எந்த ஆண்டில் எந்தச் சாயம், எந்த ஆக்சிலரி, எவ்வளவு போனது என்ற பட்டியல். அது இல்லாமல் தண்ணீரில் எதைத் தேடுவது என்றே அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு மாஸ்டரும் ரெசிபி நோட்டு வைத்திருந்தார். லாட் எண், துணி எடை, சாயத்தின் பெயர், விழுக்காடு, உப்பு, சோடா, ஃபிக்ஸிங், சாஃப்ட்னர், ஓரத்தில் ஒட்டிய துணித்துண்டு. தொழில் ரகசியம் என்று பெட்டியில் பூட்டி வைத்தோம். மூடிய பட்டறைகளின் நோட்டுகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பதினைந்து இருபது வருஷத்துக்கு முந்தைய ஷேடில் இனி என்ன ரகசியம்? ஊத்துக்குளி ரோடு, காங்கேயம் ரோடு, மங்கலம் பக்கம் என்று பகுதி பகுதியாகச் சேர்த்தால் ஆற்றின் எந்த மடக்கில் எந்த அயனி இறங்கியது என்பதை ஓரளவு சரியாகவே வரையலாம். வேளாண் பல்கலைக்கழகம் இருக்கும் கோயம்புத்தூர் பக்கத்தில்தான். நோட்டு வைத்திருப்பவர்கள் முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், கையெழுத்து உங்களுடையது. 1985 முதல் 2011 வரை உள்ளவை போதும். துணித்துண்டைக் கிழிக்காமல் கொடுங்கள்.